எலிக்காய்ச்சலும் ஏழை வீட்டு நாயும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி வகுப்பில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நாயால் வரும் நோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது வெறிநோய் ஒன்றே. அதைப் பற்றி ஊராட்சி மன்றங்களில் அடிக்கடி பேசுகிறோம், தீர்மானங்களும் நிறைவேற்றுகிறோம். அது வேண்டிய செயலே. ஆனால் யாரையும் கடிக்காமல் திண்ணை ஓரத்தில் சோர்ந்து படுத்திருக்கும் நாயிடமும் நாம் கவனிக்க வேண்டிய நோய் ஒன்று இருக்கக்கூடும். மருத்துவ நூல்கள் அதனை லெப்டோஸ்பைரோசிஸ் என்று குறிப்பிடுகின்றன. நம் மக்கள் எலிக்காய்ச்சல் என்கிறார்கள். இந்நோய் நாய்க்கு எவ்வாறு வருகிறது, நாயிடமிருந்து மனிதருக்கு வருமா, ஓர் ஊரில் நாய்கள் இதனால் நோயுற்றால் அவ்வூரின் ஊராட்சி செய்ய வேண்டுவது யாது என்பன பற்றி இன்று சில செய்திகளைத் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கிருமியும் அதன் வழியும்

இந்நோயை உண்டாக்கும் கிருமிக்கு லெப்டோஸ்பைரா என்று பெயர். திருகுச் சுருள் போன்ற உருவம் உடையது. வெறும் கண்ணுக்குத் தெரியாதது. எலியின் சிறுநீரகத்தில் இது குடியிருக்கிறது. வியப்பு யாதெனில், எலிக்கு இதனால் பெரிய துன்பம் ஏதும் நேர்வதில்லை. அது ஓடுகிறது, தின்கிறது, குட்டி போடுகிறது. சிறுநீர் கழிக்குந்தோறும் கிருமியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தச் சிறுநீர் உலர்ந்த தரையில் விழுந்து வெயில் பட்டால் கிருமி விரைவில் மடிந்துவிடும். ஈரமான மண்ணிலோ, தேங்கிய நீரிலோ, சாக்கடைச் சேற்றிலோ விழுந்தால் பல வாரங்கள் உயிரோடிருக்கும். ஆகவே இந்நோய்க்கு எலி எவ்வளவு காரணமோ, தேங்கிய நீரும் அவ்வளவு காரணம் என்பதை முதலிலேயே மனத்தில் கொள்ளவேண்டும்.

காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு, நெடுநேரம் நீரில் ஊறிய தோல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியே கிருமி உடலினுள் புகுகிறது. மனிதருக்குப் பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாட்களில் காய்ச்சல் தோன்றும். தலைவலியும் உடல்வலியும் மிகும், குறிப்பாகக் கெண்டைக்காலில் தொட்டால் பொறுக்க முடியாத வலி இருக்கும், கண்கள் சிவக்கும். பலருக்கு இந்த அளவில் நோய் தணிந்துவிடுகிறது. சிலருக்கோ மஞ்சள் காமாலை கண்டு, சிறுநீர் குறைந்து, நுரையீரலில் இரத்தம் கசிந்து, உயிருக்கே ஆபத்து விளைகிறது. உலகில் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்நோய்க்கு ஆளாகிறார்கள் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள் என்றும் 2015இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது.

சால்வடார் நகரம் கற்பித்த பாடம்

பிரேசில் நாட்டின் வடகிழக்குக் கடற்கரையில் சால்வடார் என்னும் பழைய நகரம் இருக்கிறது. மேடும் பள்ளமுமான இடம். பிழைப்புத் தேடி வந்த ஏழை மக்கள் மேட்டின் சரிவுகளிலும் பள்ளங்களிலும் நெருக்கமாகக் குடியேறினார்கள். கழிவுநீருக்கு மூடிய வடிகால் கிடையாது. மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்திலே திறந்த சாக்கடையாக ஓடும். மழை பெய்தால் அது வீட்டு வாயிலுக்கு ஏறிவிடும். 1996ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நவம்பர் மாதம் வரையில் அந்நகரில் 326 பேர் கடுமையான எலிக்காய்ச்சலால் பாதிக்கப்பட்டார்கள். அவர்களுள் 50 பேர் மாண்டுபோனார்கள். பலருக்கு முதலில் டெங்கு காய்ச்சல் என்றே கருதப்பட்டதால் உரிய மருந்து கிடைக்கக் காலதாமதம் ஆயிற்று.

பின்னர் அந்நகரின் பௌ த லீமா என்னும் பகுதியில் ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகச் சென்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேரிடம் இக்கிருமி தாக்கியதற்கான அடையாளம் இருந்தது. யாருக்கு இந்த அபாயம் மிகுதி என்று ஆராய்ந்தபோது விடை தெளிவாகக் கிடைத்தது. திறந்த சாக்கடை ஓடும், வெள்ளம் ஏறும் இடத்தில் வசிப்பவர்களுக்கும், குப்பைமேட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கும், வீட்டருகே எலி நடமாட்டம் கண்டவர்களுக்கும் அபாயம் மிகுந்திருந்தது. வருவாய் உயர உயர அபாயம் குறைந்தது. அந்நகரில் பிடிக்கப்பட்ட சாக்கடை எலிகளைச் சோதித்தபோது பத்தில் எட்டு எலிகளிடம் இக்கிருமி காணப்பட்டது. எனவே இதனை வறுமையின் நோய் என்று கூறுவது மிகையாகாது.

நாயின் நிலை

இத்தகைய குடியிருப்புகளில் வாழும் நாய்களை எண்ணிப் பாருங்கள். அவை முற்றிலும் தெருநாய்களும் அல்ல. கட்டிவைத்து வளர்க்கப்படும் நாய்களும் அல்ல. ஒரு வீட்டில் மிச்சச் சோறு கிடைக்கும். இரவில் அந்த வீட்டு வாயிலில் காவல் கிடக்கும். பகலெல்லாம் தன் விருப்பம்போல் திரியும். நம் ஊர்களிலும் பெரும்பாலான நாய்களின் வாழ்க்கை இதுதானே?

அந்த நாய் தாகம் எடுத்தால் சாக்கடை நீரைக் குடிக்கிறது. வெயில் தாளாமல் ஈரச் சேற்றில் படுக்கிறது. குப்பைமேட்டைக் கிளறுகிறது. எலியைத் துரத்திப் பிடித்துக் கடித்துத் தின்கிறது. மற்ற நாய்கள் சிறுநீர் கழித்த இடத்தையெல்லாம் முகர்ந்தும் நக்கியும் பார்க்கிறது. நாம் செருப்போடு தயங்கித் தயங்கிக் கடக்கும் இடத்தில் அது நாள் முழுதும் வெறுங்காலோடு நடக்கிறது. ஆகவே மனிதரைவிட நாய்க்கு இக்கிருமி எளிதில் தொற்றுவதில் வியப்பில்லை.

நாய்க்கு இந்நோய் உண்டு என்பது புதிய செய்தியன்று. 1898ஆம் ஆண்டு ஜெர்மனி நாட்டின் ஸ்டுட்கார்ட் நகரில் நடைபெற்ற நாய்க் கண்காட்சிக்குப் பின் ஒரு கொடிய நோய் நாய்களிடையே பரவிற்று. அதனால் நெடுங்காலம் அதற்கு ஸ்டுட்கார்ட் நோய் என்றே பெயர் வழங்கிற்று. மனித நோயின் கிருமியைக் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானிய அறிஞர்களான இனாடா, இடோ முதலியோர். கியூஷூ தீவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடையே பரவிய காய்ச்சலை ஆராய்ந்து 1915இல் அதனை வெளிப்படுத்தினார்கள். 1930களில் நெதர்லாந்து நாட்டு அறிஞர்கள், நாய்க்கே உரிய லெப்டோஸ்பைரா வகை ஒன்று தனியாக உண்டு என்று காட்டினார்கள். நம் நாட்டைப் பொறுத்தவரை, அந்தமான் தீவுகளில் இந்நோய் இருப்பது பற்றிய ஆராய்ச்சி 1931ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று.

இவ்விடத்தில் தாங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. லெப்டோஸ்பைராவில் பல வகைகள் இருக்கின்றன. எலியிடம் ஒரு வகை, நாயிடம் ஒரு வகை, மாட்டிடம் ஒரு வகை என்று ஒவ்வொரு பிராணியிடமும் சிறப்பாகத் தங்கும் வகை உண்டு. நோயுற்ற நாயைச் சோதிக்கும்போது எந்த வகை தாக்கியிருக்கிறது என்று அறிய முயல்கிறோம். பிரேசில் நாட்டில் நோயுற்ற நாய்களிடமிருந்து சாக்கடை எலிக்குரிய வகையும் பிரித்தெடுக்கப்பட்டிருக்கிறது. மனிதரைக் கொல்லும் கடும் காய்ச்சலுக்கு அந்நாட்டு நகரங்களில் காரணமாயிருப்பதும் பெரும்பாலும் அதே வகைதான். இதன் பொருள் யாது? எந்தச் சேற்றிலிருந்து நாய் நோயைப் பெற்றதோ அதே சேற்றில்தான் அந்த வீட்டுக் குழந்தையும் விளையாடுகிறது. நாய் நோயுற்றால், நீரும் மண்ணும் கெட்டிருக்கின்றன என்பதற்கு அது ஓர் அறிகுறி. மனிதருக்குக் காய்ச்சல் பரவுமுன்னரே அந்த அறிகுறி நமக்குக் கிடைக்கக்கூடும்.

அதே சமயம் நாயால் அபாயமே இல்லை என்றும் நான் கூறமாட்டேன். நோய் கண்ட நாயும், நோயிலிருந்து மீண்ட நாயும், நோயின் குறியே வெளியில் காட்டாத நாயுங்கூடச் சில வாரங்களோ மாதங்களோ சிறுநீரில் கிருமியை வெளியிடலாம். வீட்டுக்குள்ளும் திண்ணையிலும் புழங்கும் பிராணியாதலால் எச்சரிக்கை வேண்டும். ஆனால் எச்சரிக்கை வேறு, அச்சம் வேறு.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பிரேசில் நகரத்தின் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்கலாம். 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரங்களில் வசித்தார்கள். நகரம் வளர்ந்து கிராமத்தின் எல்லையைத் தொட்டுவிட்டது. நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளில் வயல்கள் மனைகளாகின்றன. வாய்க்கால் புறம்போக்கில் குடிசைகள் எழுகின்றன. பாசன வாய்க்கால் சாக்கடையாக மாறுகிறது. கோழிக்கடைக் கழிவும், திருமண மண்டபத்து எச்சில் இலையும் ஏரிக்கரையில் கொட்டப்படுகின்றன. அக்கழிவை உண்டு எலியும் பெருச்சாளியும் பெருகுகின்றன. அதையே நாடி நாய்களும் கூடுகின்றன. நகரத்துச் சேரியின் துன்பம் நகரத்தின் வசதிகளுக்கு முன்னரே நம் ஊருக்குள் வந்து சேருகிறது.

வெள்ளத்தின்போது இந்நோய் எவ்வாறு பெருகும் என்பதையும் நாம் அண்மையிலேயே கண்டோம். 2005ஆம் ஆண்டு ஜூலை மாதப் பெருமழைக்குப் பின் பம்பாயிலும், 2018ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலும் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பலிகொண்டது.

நாயைக் கொன்றால் நோய் நீங்குமா?

ஓர் ஊரில் இத்தகைய காய்ச்சல் கண்டதும், நாய்களைப் பிடித்துக் கொன்றுவிட வேண்டும் என்று சிலர் கூறுவதுண்டு. தம் குழந்தைகளின் நலம் கருதிப் பேசும் அவர்கள் மீது குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த வழி பயன் தராது. நாயை அகற்றினாலும் எலி இருக்கிறது, தேங்கிய நீர் இருக்கிறது, குப்பை இருக்கிறது. குப்பை உள்ளவரை, அகற்றிய நாயின் இடத்துக்கு வேறு நாய் வந்து சேரும். அந்தப் புதிய நாய் தடுப்பூசி போடாத நாயாக இருக்கும். மேலும், நாய்களைக் கொல்லுவதற்குச் சட்டம் இடம் தரவில்லை. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பாகும். எச்சரிக்கை தந்த நாயைக் கொன்றுவிட்டுச் சாக்கடையை அப்படியே விட்டுவைத்தால், அடுத்த மழையில் நோய் மறுபடியும் வரும்.

ஊராட்சி செய்ய வேண்டுவன

முதலாவது, வடிகால். ஊரில் எங்கெங்கே நீர் தேங்குகிறது என்று ஒரு பட்டியல் எடுங்கள். பொதுக் குழாயடி, கைப்பம்பு அடி, தொட்டியடி, பள்ளி வாயில் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஒரு வண்டி மண்ணைக் கொட்டி மேடாக்கினால் தீரக்கூடிய இடங்கள் பல இருக்கும். கால்வாய் வெட்ட வேண்டிய இடங்கள் சில இருக்கும். எளியதை உடனே செய்து, அரியதற்குத் திட்டம் தீட்டுங்கள்.

இரண்டாவது, குப்பை. மக்கும் குப்பையைத் தனியே பிரித்து உரக்குழியில் இடுவது வயலுக்கும் நன்மை, நோய்த் தடுப்புக்கும் நன்மை. இறைச்சிக் கழிவைத் திறந்த வெளியில் கொட்ட யாரையும் அனுமதிக்கலாகாது. எலிக்கு உணவு கிடைக்கும்வரை பொறி வைப்பதால் மட்டும் அதன் தொகை குறையாது. அது மூன்று வாரச் சினையில் பல குட்டிகளை ஈனும் பிராணி என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, எலி ஒழிப்பு. தஞ்சைப் பகுதி உழவர்கள் கையாளும் மூங்கில் கிட்டி நல்ல கருவி. வயலில் பறவைகள் அமரத் தாங்கிகள் நட்டால் ஆந்தை இரவில் வந்து எலியைப் பிடிக்கும். வரப்புகளைக் குறுக்கி வைத்தால் வளை தோண்ட இடம் குறையும். நஞ்சு கலந்த இரையை வைப்பவர்கள் நாயும் கோழியும் அதைத் தின்று மாளாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். இறந்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்கவேண்டும்.

நான்காவது, நாய்களுக்குத் தடுப்பூசி. எலிக்காய்ச்சலுக்கென்று நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு எட்டு வாரம் ஆனபின் ஓர் ஊசியும், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மற்றோர் ஊசியும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் போடவேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி இதற்குப் பயன்படாது; இரண்டும் வெவ்வேறு. தடுப்பு மருந்தில் அடங்காத வகைகளும் இருப்பதால், ஊசி போட்டுவிட்டோம் என்று சாக்கடையை மறந்துவிடவும் கூடாது. நாய் உண்ணாமல் சோர்ந்திருந்தாலும், வாந்தி எடுத்தாலும், அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தாலும், கண்ணும் ஈறும் மஞ்சளாகத் தோன்றினாலும், நடக்கத் தசை விறைத்துத் துன்பப்பட்டாலும் உடனே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு வாருங்கள். காலத்தில் மருந்து கொடுத்தால் நாய் பிழைப்பது மட்டுமன்று, அதன் சிறுநீரில் கிருமி வெளிப்படுவதையும் நிறுத்த முடியும். அத்தகைய நாயைக் குழந்தைகளிடமிருந்து விலக்கி உலர்ந்த இடத்தில் கட்டுங்கள். அது சிறுநீர் கழித்த தரையைப் பிளீச்சிங் பொடி கரைத்த நீரால் கழுவுங்கள். கழுவுபவர் கையுறையும் காலணியும் அணியவேண்டும்.

ஐந்தாவது, நம் தூய்மைக் காவலர்களின் பாதுகாப்பு. ஊர் சுத்தமாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சாக்கடையில் இறங்கி நிற்பவர்கள் அவர்களே. இந்நோயின் முதல் அடி விழுவதும் அவர்கள் மேலேதான். முழங்கால்வரை உயர்ந்த ரப்பர் காலணியும் கையுறையும் அவர்களுக்கு வாங்கிக் கொடுக்காமல் வடிகால் தூர்வாரச் சொல்லுவது நியாயம் ஆகாது. வேலை முடிந்தபின் சோப்பும் நல்ல நீரும் கிடைக்கும்படி செய்வதும் ஊராட்சியின் கடமையே.

உழவர்களுக்கு ஒரு சொல்

உழவர் பெருமக்களே! சேற்றில் இறங்காமல் நடவு நடக்காது. ஆனால் காலில் புண்ணோ வெடிப்போ இருந்தால், அது ஆறும்வரை சேற்று வேலையை மற்றவரிடம் விடுங்கள். முடியாவிட்டால் புண்ணை நீர் புகாதபடி கட்டிக்கொண்டு இறங்குங்கள். கரையேறியதும் நல்ல நீரில் சோப்பிட்டுக் கால்களைக் கழுவி ஈரம் போகத் துடையுங்கள். மாட்டுக்கும் இந்நோய் வரும். சினைமாடு கன்று வீசினாலும், பால் திடீரெனக் குறைந்தாலும், கன்றின் சிறுநீர் சிவந்து காணப்பட்டாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய் தின்ன விடாமல் ஆழப் புதையுங்கள். தொழுவத்தின் தரையை மூத்திரம் தேங்காதபடி சரிவாக அமையுங்கள்.

வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண்டால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு நான்கு நாள் காத்திருக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள். நோய் தொடக்கத்திலேயே தெரிந்தால் எளிய மருந்துகளே போதும். சிறுநீரகமும் நுரையீரலும் கெட்டபின் பெரிய மருத்துவமனைதான் வழி. மருத்துவரிடம் மூன்று செய்திகளைத் தாமாகவே கூறுங்கள்: சேற்றிலோ வெள்ளத்திலோ நடந்தோமா, வீட்டில் எலி உண்டா, வீட்டு நாயோ மாடோ அண்மையில் நோயுற்றதா? இந்த மூன்று செய்திகள் டெங்கு என்றும் டைபாய்டு என்றும் மயங்காமல் நோயை அறிய மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

ஒரு வேண்டுகோள்

அக்டோபர் 2ஆம் நாள் எல்லா ஊர்களிலும் கிராம சபை கூடுகிறது. அதன்பின் சில வாரங்களிலேயே வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஆகவே அந்தச் சபைக்கு முன்னர் ஊராட்சி உறுப்பினர்கள் தத்தம் வார்டுகளில் ஒரு நாள் நடந்து, நீர் தேங்கும் இடங்களையும் குப்பை சேரும் இடங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆண்டில் ஊரில் எத்தனை நாய்கள் காமாலை கண்டோ, உண்ணாமல் வாடியோ இறந்தன என்று தாய்மார்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். அந்த வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன என்று பாருங்கள். பல இடங்களில் அவை நீர் தேங்கும் தெருவாகவே இருக்கக் காண்பீர்கள். அந்தத் தெருவின் வடிகால் வேலையைத் தீர்மானத்தின் முதல் இனமாக எழுதுங்கள். கால்நடை மருந்தகத்துக்கும் சுகாதார நிலையத்துக்கும் அச்செய்தியைத் தெரிவியுங்கள்.

அத்தெரு பெரும்பாலும் ஊரின் தாழ்ந்த பகுதியில், ஏழை மக்கள் வாழும் தெருவாக இருக்கும். அங்கே செலவிடும் பணம் அவர்களுக்கு இடும் பிச்சையன்று. அவர்களுக்கு நாம் நெடுநாளாகச் செலுத்தாமல் விட்ட கடன். அந்த வேலையை இவ்வாண்டு மழைக்கு முன்னரே தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.